அண்ணன் பேசாத ஐந்து வருடங்கள்

1996இல், ஓணம் கழிந்து இரண்டாவது வாரம். பாறசாலை பக்கம் கொல்லயிலில் இருந்து நானும் அம்மாவும் அண்ணனும் பாசஞ்சர் ரயிலில் திருவனந்தபுரத்துக்கு ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அண்ணனுக்கு அப்போது முப்பத்திநான்கு வயது. எனக்கு இருபத்தாறு. இரண்டு மாதத்தில் எனக்குக் கல்யாணம்.

அண்ணன் ரப்பர் ஷீட் வாங்கும் கடையில் தரம் பிரிக்கும் வேலை பார்த்தான். ஷீட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஒரு சின்னக் குமிழிகூட அவன் கண்ணுக்குத் தப்பாது. ஆனால் யார் முகத்தையும் பார்த்துப் பேசமாட்டான். ஒலிபெருக்கி சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டி உட்கார்ந்துவிடுவான். பொய் சொல்லவே தெரியாது. ஒருநாள் கடையில் அவன் உட்காரும் இடத்தை மாற்றியபோது அலறிவிட்டான். மனநோய் என்று மாத்திரை கொடுத்தார்கள். ஆறு வருடம் தின்றும் ஒரு குணமும் இல்லை. மாப்பிள்ளை வீட்டில், பயந்துபோனதில் வந்த நரம்புத் தளர்ச்சி என்று சொல்லி வைத்திருந்தோம்.

அன்று அவனைப் பார்த்தவர் புதிதாக வந்த ஓர் இளம் பெண் டாக்டர். வெகுநேரம் அவனோடு பேசிவிட்டு எங்களை உள்ளே கூப்பிட்டார். இது மனநோய் இல்லை என்று தோன்றுகிறது, ஆட்டிசம் என்று ஒன்று உண்டு, பிறவியிலேயே இருப்பது என்று மலையாளத்தில் சொன்னார். அந்தச் சொல்லையே அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டோம். அது குழந்தைகளுக்கு மட்டும் வருவது என்று பெரிய டாக்டர் சொல்லிவிடுவார், சின்ன வயதில் எப்படி இருந்தான் என்று வீட்டார் சொன்னால்தான் என்னால் வாதாட முடியும் என்றார். பிறகு, எந்த வயதில் பேச ஆரம்பித்தான் என்று கேட்டார்.

அம்மா ஒருதரம் என்னைப் பார்த்தார்.

"எல்லாப் பிள்ளையளும் போலத்தான் டாக்டரே. ஒரு வயசுல பேசினானாக்கும்."

"அது நேரல்ல அம்மா," என்றான் அண்ணன், தரையைப் பார்த்தபடி. "அஞ்சு வயசு வர எனக்குப் பேச்சே இல்ல. முதல்ல பேசினது 'கதவ அடை'ன்னு."

அம்மா அவன் தொடையை அழுத்தினார். டாக்டர் என் பக்கம் திரும்பி, வீட்டில் இப்படிப் பேசிக் கேட்டதுண்டா என்றார்.

கேட்டதுண்டு. அம்மாவே எத்தனையோ முறை சொல்லி அழுதிருக்கிறார். ஆனால் பிறவியில் உள்ளது என்று எழுதிவிட்டால் எங்கள் ரத்தத்திலேயே உள்ளது என்று ஆகிவிடும். மாப்பிள்ளைக்கு ஊர் பக்கத்திலிருக்கும் நெய்யாற்றின்கரை. அங்கே செய்தி போய்ச்சேர எவ்வளவு நேரமாகும்?

"அம்மா சொல்லுறதுதான் சரி," என்றேன்.

டாக்டர் பேனாவை மூடிவிட்டார். பெரிய டாக்டர் பழைய நோயையே எழுதி, மாத்திரையைக் கூட்டினார்.

திரும்பும்போது ரயிலில் அண்ணன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டான்: "நீ எதுக்கு மக்கா பொய் சொன்ன?" குரலில் கோபமே இல்லை. உண்மையிலேயே புரியாமல் கேட்டான். பாறசாலை வருவதற்குள் மூன்று தடவை கேட்டுவிட்டான்.

என் கல்யாணம் நன்றாகவே நடந்தது. கூட்டிய மாத்திரையில் அண்ணனின் கைகள் நடுங்கத் தொடங்கின, பகலெல்லாம் தூங்கினான். கடையில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

இரண்டு வருடத்துக்குப் பிறகு, அம்மா இறந்த துக்கத்தில், கணவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "இதையாக்கும் மறச்சிய? அன்னைக்கே சொல்லியிருந்தா நானே கூட்டிட்டுப் போயிருப்பேனே," என்றார் அவர்.

மறுவாரமே அண்ணனை அழைத்துக்கொண்டு போனோம். அந்த டாக்டர் மாற்றலாகி எங்கோ போய்விட்டிருந்தார். அவருக்குப் பதிலாக இருந்த டாக்டர் நான் சொன்னதைப் பொறுமையாகத்தான் கேட்டார். "நீங்கள் இவரைவிட எட்டு வயது இளையவர். நீங்கள் பிறக்கும் முன்னே நடந்ததற்கு நீங்கள் எப்படிச் சாட்சி சொல்வீர்கள்? பெற்றவர்களை அழைத்து வாருங்கள்," என்றார். அப்பா எப்போதோ போய்விட்டார். அம்மாவும் போய்ச்சேர்ந்த பிறகு நான் யாரை அழைத்துப் போவேன்? நான் அங்கேயே அழுதேன். அண்ணன் எதுவும் கேட்காமல் நடுங்கும் கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தான்.

அண்ணன் இப்போது இல்லை. கடைசிவரை அந்த மாத்திரையைத்தான் தின்றான். அன்று அந்த அறையில் உண்மை சொன்னவன் அவன் ஒருவன்தான்; அதை உண்மை என்று சொல்ல எனக்கு ஒரு வார்த்தை போதுமாயிருந்தது என்ற நினைப்பு இன்றுவரை எனக்கு ஆறவே இல்லை.