தொண்ணூறு மைல் மசோதா

வெல்டா ஷ்ராகைப் போல ஒரு பிடிவாதக்காரி எங்கள் கான்சாஸ் மாநிலம் முழுக்கத் தேடினாலும் கிடைக்கமாட்டாள். முப்பத்தொரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். அவள் கணவர் ஓர்லின் பக்கவாதத்தில் விழுந்தபோது எங்கள் ஊர் முதியோர் இல்லத்தை மூடியிருந்தார்கள். தொண்ணூறு மைல் தள்ளி ஓர் இல்லத்தில் கட்டில் காலியாக இருந்தது, அங்கே கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்கள். ஐம்பத்தாறு வருடம் ஒரே மேசையில் சாப்பிட்டவர்கள். இப்போது அவள் அடுப்படியில் நின்றபடியே எதையோ தின்றுவிட்டுப் படுக்கப் போகிறாள். வாரம் இரண்டு முறை தானே காரோட்டிப் போய் அவரைப் பார்ப்பாள். அதற்கும் கேடு வந்தது. கண் மங்குகிறது, வசந்தத்தில் உரிமம் போய்விடும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். எங்கள் பக்கம் பேருந்து ஏது?

அதனால்தான் மூத்தோர் சட்டமன்றத்துக்கு நின்று, என்னோடு அவளும் தேர்வானாள். அறுபது தாண்டிய நாங்கள் எங்களுக்குள் ஆட்களைத் தேர்ந்தெடுத்து அனுப்புவோம். தலைநகரில், நிஜ உறுப்பினர்களின் நாற்காலிகளிலேயே மூன்று நாள் உட்கார்ந்து மசோதா பேசுவோம். இங்கே தேறினால்தான் நிஜ உறுப்பினர்கள் அதைக் கையில் எடுப்பார்கள். வெல்டாவின் மசோதா ஒரே வரி: தம்பதியில் ஒருவரை இல்லத்தில் சேர்த்தால், மற்றவர் வீட்டிலிருந்து முப்பது மைலுக்குள் இடம் தர வேண்டும்.

மூன்று நிமிடம் பேசினாள். சபையே மூக்கைச் சிந்தியது. ஓட்டெடுப்புக்கு மணி அடித்ததும் எழுந்து வெளியே போய்விட்டாள். கழிவறைக்கு என்று நினைத்தேன்.

நாற்பத்தொன்றுக்கு நாற்பத்தொன்று. சமமாக வந்தால் மசோதா தோற்றதாகக் கணக்கு.

நடைகூடத்தில் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"எங்கடி போய்த் தொலைஞ்ச?"

"எங்க சர்ச் கூட்டத்துல அப்படித்தான், நேடீன். யாரோட காரியத்துக்கு ஓட்டோ, அவங்க வெளிய இருக்கணும்."

அவள் போகும் மென்னோனைட் சர்ச்சின் வழக்கம். நான் லூத்தரன் சர்ச்சைச் சேர்ந்தவள், எனக்கு இந்தக் கூச்சமெல்லாம் கிடையாது.

"இது என்ன உன் சர்ச்சா? உனக்குன்னு ஒரு ஓட்டுப் பொத்தான் வச்சிருந்தாங்களேடி."

"எவ்வளவு வந்துச்சு?"

சொன்னேன். கைப்பையைத் திறந்தாள், மூடினாள். "மறுபடி எடுக்க மாட்டாங்களா?"

ஓடிப்போய்க் கேட்டேன். முடிவை அறிவித்தாயிற்று, இனி முடியாது என்றார்கள்.

மறுநாள் திரும்பும் வழியில் ஓர்லினைப் பார்க்கப் போனோம். பேச்சு குழறினாலும் அவருக்குப் புத்தி தெளிவு.

"உன் சட்டம் என்னாச்சு?"

"ஒரு ஓட்டுல போச்சு."

"எவன் அந்த ஓட்டைப் போடாதவன்?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"ஒரு கெழவி," என்றாள் வெல்டா. "ஓட்டு எடுக்கும்போது எழுந்து வெளிய போயிட்டா."

ஓர்லின் நல்ல கையால் அவள் விரலைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

"பாவம், விடு. அவளுக்குப் புருஷன் இல்ல போல."