இசக்கிசெல்விக்கு மட்டும் காமாலை வரவில்லை

இசக்கிசெல்வியைப் பற்றி நல்லவிதமாக எழுத எனக்கு மனசில்லை. ஆனாலும் இரண்டு வருஷமாக ஒரே அறையில் பக்கத்துப் பாயில் படுத்தவள், எழுதித்தான் ஆகவேண்டும். ஒரகடத்தில் காருக்கு வயர் கட்டும் கம்பெனியில் எங்கள் இருவருக்கும் ஒரே லைன், ஒரே ஷிஃப்ட். விடுதி மண்ணூரில்.

அவள் விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் கிராமத்துக்காரி. ஊருணித் தண்ணீரைச் சேலைத் துணியில் வடிகட்டிக் குடித்து வளர்ந்தவள். நான் சங்கரன்கோவில் டவுன், வாத்தியார் மகள். காய்ச்சி ஆறவைக்காத தண்ணீரை எங்கள் அம்மா வீட்டுக்குள் விட்டதில்லை. வெளியே எதையாவது வாங்கித் தின்றேன் என்று தெரிந்தால் தோலை உரித்துவிடுவாள்.

இவளோ ஈ மொய்க்கும் வண்டியில் ஐஸ் போட்ட கரும்புச்சாறு குடிப்பாள். விடுதிக் குழாயில் கையை ஏந்திக் குடிப்பாள். தலைவலி என்று ஒரு நாள் படுத்ததில்லை. எனக்குச் சாம்பாரில் புளி கூடினாலே வயிறு கலங்கும். கல்லைத் தின்றாலும் செரிக்கிற அந்த உடம்பைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஐப்பசி மழையில் விடுதித் தொட்டியில் சாக்கடை கலந்துவிட்டது. நாற்றம் அடிக்கிறது என்று வார்டன் லீலாக்காவிடம் போய்ச் சொன்னோம்.

"தண்ணிக்கு இன்னாம்மா? கண்ணாடி மாரி கீது" என்று அடித்துப் பேசினார்.

நான் கேன் தண்ணீர்தான் குடித்தேன். பல் துலக்கியது மட்டும் குழாயில்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் லைனிலிருந்து ஒருத்தியை லைன் லீடர் பயிற்சிக்கு எடுக்கப்போவதாகச் சொன்னார்கள். சூப்பர்வைசர் திருமலை அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நாச்சியாரு, உன் பேரத்தான் குடுத்துக்கீறேன். அதுக்குள்ள லீவு கீவு போட்டுறாத."

நான் டிப்ளமோ, அவள் பன்னிரண்டாவது. வேலை கிடைத்துவிட்ட மாதிரி அம்மாவிடம் போனில் சொல்லியும்விட்டேன்.

பயிற்சிக்கு ஆள் எடுக்கும் வாரம் பார்த்து எனக்குச் சோற்று வாசனையே குமட்டியது. கண் மஞ்சளானது. எழுந்து நிற்கத் தெம்பில்லை. விடுதியில் இன்னும் சில பெண்களும் படுத்தார்கள். செல்விதான் எனக்குக் கஞ்சி வைத்தாள், வாந்தியைக் கழுவினாள். நான் மிச்சம் வைத்த கஞ்சியை அதே டம்ளரில் குடித்தாள். இவளுக்கும் வரட்டும் என்று நினைத்தேன். வரவில்லை.

டாக்டர் மெர்சி, கூட இருப்பவளுக்குத் தடுப்பூசி போடுவதற்கு முன் அவள் ரத்தத்தைச் சோதித்தார். பிறகு என்னிடம் சொன்னார்: "உன் ஃப்ரெண்டுக்கு ஊசி தேவையில்லம்மா. இந்தக் காமாலை அவளுக்குச் சின்ன வயசுலயே வந்துட்டுப் போயிருக்கு. குழந்தையில வந்தா பெரும்பாலும் வெளியவே தெரியாது, அப்புறம் ஆயுசுக்கும் திரும்ப வராது. முன்னெல்லாம் ஊர்ல எல்லாப் பிள்ளைங்களுக்கும் அப்படித்தான். இப்ப நல்ல தண்ணி குடிச்சு வளர்றவங்களுக்குப் பெரியவங்க ஆனப்புறம் வருது, வந்தா ஆளையே சாய்ச்சுடுது."

அன்று மாலை திருமலை அண்ணன் போன் செய்தார். "நீ ஒடம்பப் பாத்துக்கமா. செல்வி டெய்லி வந்துகினு கீது. ட்ரெயினிங்குக்கு அத்தயே அனுப்பிடறேன்."

மறுநாள் காலை அவள் ஷூ மாட்டிக்கொண்டிருந்தாள். என்னால் அடக்க முடியவில்லை.

"ஏட்டி, அழுக்குத் தண்ணி குடிச்ச உனக்கு லைன் லீடர் வேலை. காய்ச்சிக் குடிச்ச எனக்குப் பாயி. கொடுத்து வச்சவட்டி நீ!"

அவள் நிமிராமல் கயிற்றை முடிந்தாள்.

"அதே தண்ணியத்தான் என் தம்பியும் குடிச்சான். பேதி நிக்கல. ஆஸ்பத்திரிக்குப் போக பஸ்ஸு வரும்னு ரோட்டுல நின்னோம். பஸ்ஸு வாரதுக்குள்ள அம்மா இடுப்புலயே போயிட்டான்."

எழுந்து அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டினாள்.

"கஞ்சி மூடி வச்சிருக்கேன். ஆறதுக்குள்ள குடி."

கம்பெனி பஸ்ஸின் ஹாரன் கேட்டது, ஓடினாள். நான் கஞ்சியைக் குடித்தேன். அவள் உடம்பு இனி எனக்கு வேண்டாம். அந்த வேலை மட்டும் இப்போதும் வேண்டும்.