சோறு கொண்டுபோன பிள்ளை

எங்கள் ஊர்க் கடைவீதியில் தீபாவளிக்குத் துணி எடுக்கப் போனால் கடைக்காரர் முதலில் ஒரு கேள்வி கேட்பார். "உடுத்தவா, படைக்கவா?"

உடுத்த என்றால் அளவு பார்ப்பார், சாயம் போகாது என்று சத்தியம் செய்வார், பிடிக்காவிட்டால் பண்டிகை கழிந்து மாற்றிக்கொள்ளச் சொல்வார். படைக்க என்றால் ஒன்றும் பேசாமல் மேல் தட்டிலிருந்து எடுத்துப் போடுவார். செத்தவர்கள் துணி மாற்றித் தரச் சொல்லி வரமாட்டார்கள் அல்லவா?

சிவகாசிப் பக்கம் எங்கள் சின்ன ஊரில் தீபாவளிக்கு முந்தின நாள் சாயங்காலம் செத்தவர்களுக்கு உரியது. வீட்டுக்கு வீடு போட்டோவைத் துடைத்துப் பொட்டு வைத்து, இலை போட்டு, புதுத்துணி வைத்துக் கும்பிடுவார்கள். பட்டாசில் கருகிப்போனவர்களை முந்தின நாள் கும்பிட்டுவிட்டு, மறுநாள் விடிந்ததும் அதே பட்டாசை வெடிப்போம். இதில் ஏதோ ஒன்று சரியில்லை என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

எங்கள் வீட்டில் படையல் என் அக்காவுக்கு. எட்டாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவில் செத்துப்போனாள். கல்யாணம் ஆகாமல் போனவள் என்பதால் அவளை வீட்டுக் கன்னியாகக் கும்பிடுவோம். சேலை கிடையாது, பாவாடை சட்டைதான். கும்பிட்டு முடித்ததும் அது எனக்கு வரும். எனக்கென்று தனியாக எடுக்கமாட்டார்கள். முதல் வருஷம் நான் உடுத்தியபோது அவள் பாவாடை தெருவைக் கூட்டியது. பிறகு கணுக்காலுக்கு ஏறியது. அவளுக்கு ஊதா நிறம் பிடிக்கும். அதனால் நானும் வருஷா வருஷம் ஊதா. உயிரோடு இருந்தபோது எனக்குத் தலைவாரி விட்டவள் மேல், செத்த பிறகு எனக்கு அப்படி ஒரு கடுப்பு.

அவள் எப்படிச் செத்தாள் என்று பள்ளிக்கூடத்தில் கேட்டால் சொல்ல என்னிடம் பதில் இருந்தது. பட்டாசுக் கம்பெனியில் வேலை செய்த அம்மாவுக்குச் சோறு கொண்டுபோனாள். போன இடத்தில் வெடித்துவிட்டது. ஊரும் அப்படித்தான் சொல்லும். "சோறு கொண்டுபோன பிள்ளை வீடு" என்றால் தபால்காரர்கூட எங்கள் வீட்டைக் காட்டுவார்.

ஆனால் அந்த லீவில் தினமும் விடியற்காலையில் தெருமுனையில் கம்பெனி வண்டி ஆரன் அடிக்கும்போது, அம்மாவும் அக்காவும் சேர்ந்து ஓடி ஏறுவதை நான் வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். ஆளுக்கொரு தூக்குவாளியில் சோறு எடுத்துக்கொண்டு போவார்கள். சாயங்காலம் திரும்பும்போது அக்காவின் விரல் நுனியெல்லாம் வெடிமருந்து ஒட்டி வெள்ளியாக மினுங்கும். அதை என் கன்னத்தில் தேய்த்துச் சிரிப்பாள். நான் பார்த்தது ஒன்று, சொல்லிக்கொண்டு திரிந்தது இன்னொன்று. இரண்டும் எனக்குள் சண்டை போடாமல் இருந்தன. பெரியவர்கள் ஒன்றைச் சொல்லிவிட்டால், கண்ணால் கண்டது தானாக ஒதுங்கி உட்கார்ந்துகொள்ளும் வயது அது.

அம்மாவின் அண்ணன், என் மாமா, அந்தக் கம்பெனியில் போர்மேன். அம்மாவை வேலைக்குச் சேர்த்தவர் அவர்தான். அப்பாவுக்குக் குடோனில் லோடு ஏற்றும் வேலை வாங்கித் தந்தவரும் அவர்தான். அவர் வந்தால் அப்பா உட்கார்ந்திருக்கமாட்டார். அக்கா செத்ததிலிருந்து ஒவ்வொரு வருஷமும் படையலுக்குப் பாவாடைத் துணியும் மிட்டாயும் எனக்கு ஒரு பெட்டி வெடியும் அவர் கொண்டுவருவார். சூடம் ஏற்றுவதும் அவர்தான்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம் அவர் கொண்டுவந்தது சரிகை வைத்த பட்டுப் பாவாடை. ஊதாதான், ஆனால் பட்டு. அடுப்படியில் பணியாரம் ஊற்றிக்கொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்து, "வாங்கண்ணே, மதினி வரலையா?" என்றாள்.

"அவளுக்கு மூட்டு வலி" என்று சொல்லிக்கொண்டே மாமா நாற்காலியில் உட்கார்ந்தார். என்னைக் கிட்டே இழுத்துத் தோளைப் பிடித்துப் பார்த்தார். "அடேங்கப்பா, எம்புட்டு வளந்துட்டா!" பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பி, "அடுத்த சீசனுக்கு ஆர்டர் குமிஞ்சு கெடக்கு. கையாள் பத்தல. முழுப்பரீட்சை லீவுல இவளையும் கூட்டிட்டு வா. சும்மா நெழல்ல உக்காந்து சரம் பின்னுறதுதான?" என்றார்.

எனக்கு நிலைகொள்ளவில்லை. கம்பெனி வண்டி, எனக்கென்று ஒரு தூக்குவாளி, வெள்ளி விரல்கள்! அக்காவுக்குக் கிடைத்ததெல்லாம் கடைசியில் எனக்கும் கிடைக்கப்போகிறது.

அடுப்படியில் சத்தம் நின்றது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டுக் கையைக்கூடத் துடைக்காமல் வந்தாள். இலை போட்டாயிற்று, விளக்கு எரிந்துகொண்டிருந்தது, போட்டோவுக்கு முன்னால் பட்டுப் பாவாடை மடித்து வைத்திருந்தது. மாமா எழுந்து சூடம் ஏற்றத் தீப்பெட்டியை எடுத்தார். அம்மா அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"கொஞ்சம் இருங்கண்ணே. ஒண்ணு கேக்கணும்."

"கும்பிட்டுட்டுக் கேளு தாயி."

"இல்ல, அவ முன்னாடி கேக்கணும். எம்மக அன்னைக்கு எதுக்கு அங்கன வந்தா?"

மாமா சிரித்தார். "நல்ல நாளும் அதுவுமா என்ன கேள்வி இது? சோறு கொண்டு வந்தா."

"யாருக்கு?"

"ஒனக்குத்தான்."

"எஞ் சோறு காலையிலயே எங்கூட வந்துருச்சு. அவளோடதும் வந்துருச்சு. ரெண்டு தூக்குவாளியும் ஒரே வேப்பமரத்துலதான் தொங்குச்சு. அப்ப எந்தச் சோத்தக் கொண்டு வந்தா? நீ சொல்லு."

அம்மா மாமாவை 'நீ' என்று சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை. அப்பா கிட்டே போய், "விடு, வெளக்கு எரியுது, அப்புறம் பேசிக்கிடலாம்" என்றார். அம்மா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மாமாவின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். "அப்படிச் சொன்னது யாரு? நானா? விசாரிக்க வந்தவககிட்ட ஒன் வாயாலதான சொன்ன?"

தீப்பெட்டி பிடித்த அம்மாவின் கை தாழ்ந்தது. விரலிலிருந்து எண்ணெய் தரையில் சொட்டியது. தோற்றுவிட்டாள் என்று நினைத்தேன்.

"ஆமா. நாந்தான் சொன்னேன்" என்றாள். "பெத்த பிள்ளைய முழுசாப் பாக்கக்கூட விடல. அதுக்குள்ள எங் காதுல வந்து ஊதுன. வேலைக்கு வந்தான்னு சொன்னா, சின்னப் பிள்ளையக் கூட்டிட்டு வந்த குத்தத்துக்கு ஒன்னத்தான் பிடிச்சு உள்ள வப்பாக, சின்னவள யாரு பாப்பான்னு கேட்ட. பயந்து சொன்னேன். அவளாச் சோத்தத் தூக்கிட்டு வந்து அவளாச் செத்தான்னு ஆக்கிட்டீக. இன்னைக்கு எங் கண்ணு முன்னாடியே அடுத்தவளையும் ஆள் பிடிக்கிற."

"கம்பெனிய மூடியிருந்தா இந்தத் தெரு என்னத்தத் திங்கும்? ஒன் வீட்டுல அடுப்பு எரியிறது யாரால?"

அம்மா போய்த் தெருக்கதவை அகலத் திறந்தாள். எதிர்வீட்டிலும் பக்கத்து வீடுகளிலும் படையல் போட்டு விளக்கேற்றி உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் அதே வண்டியில் ஏறிப்போகிறவர்கள். அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, அக்கா போட்டோவைப் பார்த்துத் தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள்.

"தாயி, நீ சோறு கொண்டு வரல! நீ வேலைக்கு வந்த! கேட்டா வயசக் கூட்டிச் சொல்லுன்னு சொன்னவன் ஒன் மாமன்! கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனவ ஒன்னப் பெத்தவ! கேக்குதா?"

அப்பா ஓடிப்போய்க் கதவைச் சாத்தப் பார்த்தார். அம்மா நிலையிலிருந்து கையை எடுக்கவில்லை. சாத்தினால் விரல் நசுங்கும். அப்பா கதவை விட்டுவிட்டு, சுவரோரம் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தார். அம்மா அதையே திரும்பவும் கத்தினாள். எதிர்வீட்டில் யாரோ டிவி சத்தத்தைக் கூட்டினார்கள். தெருக்கோடியில் ஒருவர் படையலுக்கு முன்பாகவே ஒரு சரத்தைக் கொளுத்திப் போட்டார். ஊரே கேட்டது. கேட்டதாக ஒருவரும் காட்டிக்கொள்ளவில்லை.

மாமா துண்டை உதறித் தோளில் போட்டார். "இனிமே இந்த வாசப்படிய மிதிச்சா என்னையச் செருப்பால அடி" என்றார்.

"இதையும் கொண்டு போ" என்று அம்மா பட்டுப் பாவாடையையும் மிட்டாய்ப் பொட்டலத்தையும் என் வெடிப்பெட்டியையும் வாரி அவர் கையில் திணித்தாள். பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்து அக்காவின் பழைய பள்ளிக்கூடப் பாவாடையை எடுத்து இலைக்குப் பக்கத்தில் வைத்தாள். சூடத்தை அவளே ஏற்றினாள்.

தீபாவளி கழிந்து கம்பெனி திறந்தபோது வண்டி எங்கள் தெருமுனையில் நின்றது, அம்மாவை ஏற்றிக்கொள்ளவில்லை. குடோனில் அப்பாவையும் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பொங்கலுக்கு முன்னால் மல்லாங்கிணறு பக்கம் அப்பாவின் சொந்தக்காரர்களோடு போய் ஒண்டிக்கொண்டோம். அம்மா பருத்திக்காட்டில் களையெடுத்தாள். அப்பா ரொம்ப காலம் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அம்மா கத்தியதால் யாரையும் யாரும் பிடித்துக்கொண்டு போகவில்லை. கம்பெனி ஒருநாள்கூட மூடவில்லை. மாமா பின்னால் சொந்தமாகவே ஒரு பட்டாசு யூனிட் போட்டார். கோயில் கும்பாபிஷேகக் கல்வெட்டில் அவர் பெயர் இருக்கிறது.

இன்றைக்கும் கல்யாணம் காட்சி என்று அந்த ஊருக்குப் போனால், யாராவது ஒரு கிழவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "நீங்க அந்தச் சோறு கொண்டுபோன பிள்ளைக்குத் தங்கச்சியா?" என்று கேட்கிறார். பந்தியில் உட்கார்ந்திருந்தாலும் எழுந்துவிடுகிறேன். "வேலைக்குப் போன பிள்ளை. சோறு கொண்டுபோகல. வேலைக்குப் போன பிள்ளை" என்கிறேன். அவர்கள் தலையை ஆட்டுகிறார்கள். அடுத்த தடவை போனால் திரும்பவும் அதையே கேட்கிறார்கள். என் கணவர், "வயசானவுகதான, விட்டுரு" என்கிறார். எப்படி விடுவது?

ஆனால் அன்று சாயங்காலம் எனக்கு இருந்தது வேறு கோபம். மாமா போனதும் மூலையில் போய்க் குப்புறப் படுத்துக்கொண்டேன். பட்டுப் பாவாடை போய்விட்டது. வெடிப்பெட்டி போய்விட்டது. அதையெல்லாம்விட, நான் ஏறிப்போக இருந்த கம்பெனி வண்டி போய்விட்டது. அம்மா இலையிலிருந்து பணியாரத்தை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கத்திக் கத்தி அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது. பணியாரத்தைப் பிட்டு ஊட்ட வந்த கையைத் தள்ளிவிட்டேன்.

"அவள மட்டும் கூட்டிட்டுப் போன. என்னைய மட்டும் விடமாட்டேங்குற. ஒனக்கு அவளத்தான் பிடிக்கும்."

அம்மா பணியாரத்தை இன்னும் சின்னதாகப் பிட்டாள்.

"ஆமாத்தா. எனக்கு அவளத்தான் பிடிக்கும்" என்றாள். "நீ வாயத் தொற."

வாயைத் திறந்தேன். அழுதுகொண்டே தின்றேன். அவள் சொன்னதை அப்படியே நம்பினேன்.