நான் பெறகு சாப்பிடுறேன்

"நீங்க சாப்பிடுங்க. நான் பெறகு சாப்பிடுறேன்."

என் மனைவி இதை எட்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கொழும்பில் ஒரு துணிக்கடையில் ஒன்பது வருடம் நின்றே காலம் தள்ளிவிட்டு, போதுமடா சாமி என்று வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்கே திரும்பி வந்தவன் நான். இப்போது தலவாக்கலையில் ஒரு கடையில் வேலை. தினமும் வீட்டுக்கு வருகிறேன். தினமும் சோறு போடுகிறாள், பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்துப் பரிமாறுகிறாள். உட்கார மட்டும் மாட்டாள். நான் கை கழுவிய பிறகுதான் தன் தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குள் அடுப்பண்டை போவாள்.

விருந்தாளிக்குத்தானே அப்படிப் பரிமாறுவார்கள்? தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வந்து போனவனை இவள் இன்னும் விருந்தாளியாகத்தான் வைத்திருக்கிறாளோ என்று எனக்குள் ஒரே குடைச்சல். கேட்க ரோஷம் விடவில்லை. ஊரைக் கிண்டல் பண்ண எனக்கு வாய் முழ நீளம். கேட்க வேண்டியதைக் கேட்க மட்டும் வராது.

அதனால் ஒரு திட்டம் போட்டேன். பள்ளி விடுமுறைக்கு மகள் வட்டவளையில் இருக்கும் என் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். கடையில் கிடந்த பில் ஒன்றின் பின்பக்கத்தில் எழுதினேன். ஐந்தரைக்கு இருவரும் ஸ்டேஷனுக்கு நடந்துபோய் பெஞ்சில் உட்கார்ந்து கோச்சி போவதைப் பார்ப்பது. ஆறரைக்கு நான் சமைத்த சோறு, எதிரெதிரே உட்கார்ந்து. அதற்குப் பிறகு தாயம். தூக்கம் வராவிட்டால் போனில் ஒரு படம். கடை முதலாளி எட்டிப் பார்த்துவிட்டார்; முஸ்லிம் பெரியவர், நாங்கள் நானா என்று கூப்பிடுவோம்.

"என்ன தம்பி, பொஞ்சாதியோட சோறு திங்கிறதுக்கு டைம் டேபிளா?"

கிண்டல் செய்தாலும் நல்ல மனுஷன். அரை நாள் லீவும் தந்தார், கோழி வாங்கும்போது தோலை உரித்து வாங்கச் சொல்லி புத்தியும் சொன்னார்.

சமையல் என்னவென்று யோசிக்கவே இல்லை. கல்யாணமான புதிதில் நாங்கள் இருவரும் பச்சைக் கொச்சிக்காயை, மிளகாயைத்தான், கடித்துக்கொண்டு போட்டி போட்டுச் சாப்பிடுவோம். ஒரு நாளும் நான் ஜெயித்ததில்லை. நான் மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கும்போது அவள் அடுத்த காய்க்குக் கை நீட்டுவாள். அதை நினைத்துத்தான் கோழிக்கறிக்குத் தூள் அள்ளிப் போட்டேன். உரலில் கொச்சிக்காயும் வெங்காயமும் உப்பும் வைத்துக் கண் எரிய எரியக் கட்டச்சம்பல் இடித்தேன்.

லயத்தில் வரிசையாக ஒட்டிய வீடுகள், ஒரு சுவருக்கு இரண்டு வீடு. இடிக்கிற சத்தத்துக்கும் கறி வாசத்துக்கும் அடுத்த வீட்டு அக்கா வாசலுக்கே வந்துவிட்டார். வெளியே மழை பிடித்து அடித்துக்கொண்டிருந்தது.

"என்னாடா இது, ஒரலு இந்த இடி இடிக்கிதேன்னு பாத்தேன். தம்பி அடுப்படியில நிக்கிதா!"

கோச்சி பார்ப்பது போச்சு. திட்டத்தில் முதல் வரியை நானே அடித்தேன்.

ஐந்து மணிக்கு அவள் தொப்பலாக நனைந்து வந்தாள். இடுப்பில் கட்டியிருந்த பிளாஸ்டிக் படங்கை அவிழ்த்து உதறிக்கொண்டே, "இன்னிக்கு கொழுந்து இருவத்தி நாலு கிலோ" என்றாள், மழை பெய்கிறது என்று சொல்வதுபோல. அந்த எடை என்ன எடை என்று எனக்குத் தெரியும். திரும்பி வந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளோடு மலைக்குப் போய், நானும் பறிக்கிறேன் பார் என்று இறங்கினேன். ஒரு மணி நேரத்தில் என் பையின் அடிகூட மறையவில்லை. அவளுடைய இரண்டு கைகளும் தனித்தனியாக வேலை செய்தன. கண் அடுத்த செடியில், வாய் பக்கத்து நிரைக்காரியோடு கதையில். ஆனாலும் ஒரு முற்றல் இலை பைக்குள் விழவில்லை. ஒன்பது வருடம் இந்த வேலையையும் செய்து, பிள்ளையையும் தனியாக வளர்த்தவள். அன்றைக்கு நான் வாயடைத்துப்போனேன். அது எனக்கு அடிக்கடி நடப்பதில்லை.

உடை மாற்றி வந்தவள், பாய் விரித்து இரண்டு தட்டு வைத்திருப்பதைப் பார்த்தாள்.

"நீங்க சாப்பிடுங்க. நான்…"

"இன்னிக்கு அந்தக் கதையே வேணாம் புள்ள. உக்காரு."

தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உட்கார்ந்தாள். ஒரு வாய் எடுத்து, "ரொம்ப நல்லா இருக்குங்க" என்றாள். கண் கலங்கியிருந்தது. ஆகா, நம்ம கைப்பக்குவம் ஆளையே உருக்கிவிட்டது என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. இன்னும் கொஞ்சம் சம்பல் அள்ளி வைத்தேன். மறுக்காமல் அதையும் பிசைந்தாள்.

அப்போதுதான் கவனித்தேன். பிசைந்தது விரலால் இல்லை, உள்ளங்கையின் ஓரத்தால். ஒவ்வொரு வாய்க்கும் பிறகு விரல் நுனிகளைத் தண்ணீர்க் கோப்பையில் தோய்த்தாள். கையைப் பிடித்து விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் கோடு கோடாக வெடிப்பு. கொழுந்துக் கறை ஏறிக் கறுத்திருந்தது. உள்ளே சிவப்பு. அந்தச் சிவப்புக்குள் என் உப்பும் கொச்சிக்காயும்.

"கொழுந்து பறிக்கிற எல்லாருக்கும் இப்பிடித்தாங்க, மழ காலத்துல இன்னும் கூட. காரம் பட்டா காந்தும், அவ்வளவுதான்."

"அப்ப தெனமும் எப்பிடிச் சாப்பிடுற?"

"குசினியில கரண்டியில சாப்பிடுவேன்."

"அத இங்க உக்காந்து சாப்பிட்டா என்னா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "நீங்க கொழும்புலேருந்து மொதத் தீவாளிக்கு வந்தப்ப கரண்டியிலதான் சாப்பிட்டேன். என்னா புள்ள, தொரைச்சாணி ஆயிட்டியான்னு கேட்டீங்க. ஆளுங்கல்லாம் இருந்தாங்க. எல்லாரும் சிரிச்சாங்க."

துரைச்சாணி என்றால் பங்களாவில் கரண்டியும் முள்ளுமாகச் சாப்பிடும் தோட்ட மானேஜரின், அதாவது துரையின், மனைவி. எனக்கு அப்படிச் சொன்ன நினைவே இல்லை. சொல்லியிருப்பேன். என் வாய் அப்படித்தான். நான் சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் கொழும்புக்குப் போய்விட்டேன். அந்த ஒரு வார்த்தைக்காக இவள் என் முன்னால் கரண்டி பிடிக்காமல் இத்தனை வருடம் குசினிக்குள் ஒளிந்து சாப்பிட்டிருக்கிறாள்.

"கறிய காரமில்லாம வச்சிருக்கலாமே புள்ள?"

"ஒங்களுக்கு ஒறைப்பு இல்லாட்டி சோறு எறங்காதே."

எழுந்து போய் வீட்டிலிருந்த ஒரே கரண்டியைக் கொண்டுவந்து அவள் தட்டில் வைத்தேன். சம்பலை எடுத்துவிட்டுப் பருப்பை ஊற்றினேன். எனக்குக் கரண்டி இல்லை. அகப்பையை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன். அகப்பையால் சாப்பிட்டுப் பார்த்தால் தெரியும், பாதி சோறு மடியில். கோழிக்கால் ஒன்று வழுக்கி ஓடி வாசலண்டை போய் நின்றது. அவள் சிரித்த சிரிப்பில் அடுத்த வீட்டு அக்கா சுவரைத் தட்டி, "என்னா நடக்குது அங்க?" என்று கேட்டார். மழையில் எங்கோ கோச்சி கூவிக்கொண்டு போனது.

தாயத்தில் நாலு ஆட்டமும் அவளுக்குத்தான். படம் போடவே இல்லை.

மறுநாள் காலை நான் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். உள்ளே ரொட்டி சுடுகிற வாசம். எட்டிப் பார்த்தால் பாயில் இரண்டு தட்டு, ஒன்றில் கரண்டி. அதன் முன்னால் அவள் உட்கார்ந்திருந்தாள்.

"தொரை, ஆறிப்போகுது. வாங்க."