ஞானம்மாவுக்கு நான் போட்ட பதினாறு மார்க்

1. செருப்பு பார்க்கும் வித்தை

விசா வேலைக்கு வருவதற்கு முன்னால் காஞ்சிபுரத்துப் பட்டுக்கடை ஒன்றில் எட்டு வருஷம் சேல்ஸ்மேனாக இருந்தேன். அங்கே முதல் நாளே ஒரு வித்தை கற்றுக்கொடுத்தார்கள். கஸ்டமர் வாசலில் கழற்றும் செருப்பைப் பார். நல்ல தோல் செருப்பு என்றால் உள் அலமாரிப் புடவை, ரப்பர் செருப்பு என்றால் வெளி அலமாரி. ஆள் வாய் திறப்பதற்குள் எதைப் பிரிப்பது என்று முடிவாகியிருக்க வேண்டும்.

பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். தப்பாகிப் போனவர்கள் பேசாமல் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள். அதனால் நாங்கள் தப்பு செய்ததே எங்களுக்குத் தெரியாது. இந்தப் புத்தியோடுதான் மாணிக்கம் முதலாளியின் டிராவல்ஸ் ஆபீசுக்கு வந்து சேர்ந்தேன். அவரும் பழைய பட்டுக்கடை ஆள்தான்.

2. ஆபீசுக்கு டி.வி. வந்தது

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஊரில் தெருவுக்கு நாலு பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்தார்கள். அவர்களைப் பார்க்கப் போகும் அப்பா அம்மாவுக்கெல்லாம் விசா ஃபாரம் எழுதுவது, பேப்பர்களை அடுக்குவது, சென்னையில் இன்டர்வியூவுக்குத் தயார் செய்வது என் வேலை. காத்திருக்கும் கஸ்டமர்கள் பார்க்க முதலாளி ஒரு டி.வி. வாங்கி வைத்தார். சனியன் அங்கேதான் பிடித்தது.

ஒரு இங்கிலீஷ் சேனலில் ரியாலிட்டி ஷோ ஒன்று வரும். வெளிநாட்டு ஏர்போர்ட்டில் இமிக்ரேஷன் ஆபீசர்கள் நிஜப் பயணிகளை ஓரமாக நிறுத்தி, குடைந்து குடைந்து கேள்வி கேட்பார்கள். பயணி நெற்றியைத் துடைத்தால் கேமரா நெற்றிக்குப் போகும். கீழே பார்த்தால் டொம்மென்று ஒரு மியூசிக். பெட்டியைத் திறந்தால் ஊறுகாய் பாட்டில். அவ்வளவுதான், அடுத்த ஃபிளைட்டில் ஊருக்கு. ஓரமாக நிறுத்தப்பட்டவர்கள் பாதிப் பேர் நம்ம நிறத்து ஆட்கள்தான். நாங்கள் பிஸ்கட் தின்றுகொண்டே சிரித்தோம், வெட்கங்கெட்டவர்கள்.

முதலாளிக்கு அது வேதமாகிவிட்டது. "பாத்தியாப்பா? வெள்ளக்காரனும் நம்மள மாதிரிதான் ஆளப் பாத்தே எட போடறான். இனிமே நாமளே இங்க ஒரு டெஸ்ட் வெச்சிடலாம். தேறாத கேசை அனுப்பவே கூடாது. ரிஜெக்ட் ஆனா நம்ம பேருதான கெடும்?"

மார்க் ஷீட் அடித்தோம். கண், வியர்வை, கை, உடை, இங்கிலீஷ். ஒவ்வொன்றுக்கும் பத்து, மொத்தம் ஐம்பது. முப்பதுக்குக் கீழே என்றால் அப்ளிகேஷன் போகாது. ஆபீசர் நான். கழுத்தில் டை கட்டிக்கொள்ளச் சொன்னார், கட்டிக்கொண்டேன்.

3. ஞானம்மா

திருப்புட்குழிப் பக்கத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வந்தார் ஞானம்மா. ஐம்பது வயதிருக்கும். பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவர். கூலி வேலை செய்து படிக்கவைத்த ஒரே மகள் ஸ்டெல்லா லண்டனில் நர்ஸ். அவளுக்குத் தலைப்பிரசவம், இன்னும் பத்து வாரம் இருந்தது. மருமகனுக்குக் கப்பலில் வேலை. அவன் கரைக்கு வர மாதக்கணக்காகும். பிரசவத்துக்கு அம்மா போனால்தான் உண்டு.

பேப்பரெல்லாம் கச்சிதம். மகளின் கடிதம், அவளுடைய சம்பளச் சீட்டு, பள்ளிக்கூடத்து லீவு சான்றிதழ், எதிலும் ஒரு குறை சொல்ல முடியாது. நான் பேப்பரை மூடி வைத்துவிட்டு ஆளைப் பார்த்தேன்.

"எதுக்கும்மா லண்டன் போறீங்க?"

"பொண்ணுக்குப் பிரசவம் சார்." தரையைப் பார்த்துச் சொன்னார்.

"என் கண்ணப் பாத்து சொல்லுங்க."

"எனக்கு அப்டி பேசிப் பழக்கமில்ல சார். ஆபீசருங்க முன்னாடி நிமுந்து பேசனா எங்களத் திட்டுவாங்க." புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

கண்ணுக்கு ரெண்டு. கைக்கு ரெண்டு. இங்கிலீஷுக்கு ஒன்று. வியர்வைக்கும் உடைக்கும் சேர்த்துப் பதினொன்று. கூட்டிப் பார்த்தால் பதினாறு. அதே காலையில் சின்னக் காஞ்சிபுரத்திலிருந்து வந்த கம்ப்யூட்டர் இன்ஜினியர் ஒருவனுக்கு நாற்பத்து நாலு போட்டிருந்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவன் ஃபாரத்தில் கோயிலை ஒட்டிய தெரு முகவரியைப் படித்தபோதே பாதி மார்க் போட்டாகிவிட்டது. இந்த அம்மாவின் ஃபாரத்தில் காலனி என்ற வார்த்தையைப் பார்த்தபோது மீதி வேலை முடிந்துவிட்டது. டி.வி. எனக்குப் புதிதாக எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. என்னிடம் ஏற்கெனவே இருந்த அழுக்குக்கு ஒரு டை கட்டிவிட்டது.

"இப்ப போட்டா கண்டிப்பா ரிஜெக்ட் ஆயிடும்மா. பாஸ்போர்ட்ல முத்திர குத்திடுவாங்க, அப்பறம் ஜென்மத்துக்கும் போக முடியாது. வீட்ல கண்ணாடி முன்னாடி நின்னு பழகுங்க. ரெண்டு மாசம் கழிச்சி வாங்க."

"ரெண்டு மாசத்துல புள்ள பொறந்துடுமே சார்?"

"நான் இன்னாம்மா பண்றது? அங்க சட்டம் அப்டி."

எந்தச் சட்டம்? என் வாயில் வந்த சட்டம். அவர் நம்பி, கும்பிட்டுவிட்டுப் போனார்.

4. நாற்பத்து நாலும் பதினாறும்

இன்ஜினியர் பையன் ரிஜெக்ட் ஆனான். கம்பெனி லெட்டரில் ஒரு சம்பளம், பேங்க் ஸ்டேட்மென்ட்டில் வேறு சம்பளம். அவன் கண்ணின் அழகில் மயங்கி நான் பேப்பரைச் சரிபார்க்கவே இல்லை. "அந்த கவுண்டர்ல இருந்த ஆபீசருக்கு மூடு சரியில்லப்பா" என்று முதலாளி மழுப்பினார். டெஸ்ட் தொடர்ந்தது.

ஒரு வருஷம் போனது. பக்கத்து வீட்டுப் பெண்ணின் பாஸ்போர்ட் ஃபாரத்துக்காக ஞானம்மா மறுபடி வந்தார். நானாகத்தான் வாயைக் கொடுத்தேன்.

"இன்னாம்மா, பழகிட்டீங்களா? லண்டனுக்குப் போட்டுடலாமா?"

"போயிட்டு வந்துட்டேன் தம்பி."

விஷயம் இதுதான். நான் சொன்னபடி ஒரு மாதத்துக்கு மேல் கண்ணாடி முன்னால் நின்று பழகியிருக்கிறார். நாள் நெருங்க நெருங்கப் பயந்துபோய் ஹெட்மாஸ்டரிடம் அழ, அவரே ஃபாரம் எழுதி அனுப்பியிருக்கிறார். அவ்வளவு தாமதமானதால் இன்டர்வியூ தேதி பிரசவத்துக்குப் பிறகுதான் கிடைத்தது.

"ஆபீசர் கண்ணப் பாத்துப் பேசினீங்களா?" அப்போதும் புத்தி வரவில்லை பாருங்கள்.

"எங்க பாத்தேன்? தரையப் பாத்துக்கினுதான் சொன்னேன். அவரும் என்னப் பாக்கல. பேப்பரத்தான் பாத்துக்கினு இருந்தாரு. மூணு கேள்வி, அவ்ளோதான். போயிட்டு வாங்கன்னுட்டாரு."

"பிரசவம்?"

"ஆபரேசன். தனியாத்தான் கெடந்தா. நான் போயி சேர்றப்ப கொழந்தைக்குத் தலயே நின்னுடுச்சி."

மன்னித்துவிடுங்கள் என்று ஏதோ முனகினேன். மார்க் ஷீட்டை அங்கேயே கிழித்தேன் என்று எழுத ஆசைதான். கிழிக்கவில்லை. முதலாளியோடு இரண்டு வாரம் சண்டை போட்ட பிறகுதான் அது ஒழிந்தது. இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளே, உங்கள் வேலை பேப்பர் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது. போகலாமா கூடாதா என்று சொல்ல அதற்கென்று சம்பளம் வாங்குகிறவன் அங்கே உட்கார்ந்திருக்கிறான். அவன் கொடுக்காத வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அன்றைக்குக் கிளம்பும்போது ஞானம்மா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஏம்மா நேரத்துக்கு வரலன்னு எம்பொண்ணு கேட்டா தம்பி. வெள்ளக்காரன் விடலடின்னு சொல்லிட்டேன். நம்ம ஊரு ஆளுதான் விடலன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சி."