அக்வாரியம் திறந்த காலை

ஒத்தக்கடையில் ஜூடு வண்ணமீன் கடை திறந்தது 2023 ஜூன் 12, திங்கட்கிழமை. ஆறு தொட்டிகள், அறுபத்திரண்டு மீன்கள். குருமடத்தில் மூன்றாண்டு லத்தீன் படித்துவிட்டுப் பாதியில் வெளியேறியவன் ஜூடு. அதற்குப் பிறகு ஒன்பது வருடமாக, மிஷன் பள்ளியில் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற அப்பா லூர்துராஜ் அவனிடம் தேவைக்கு மேல் பேசியதில்லை.

"லத்தீன் படிச்சவன் மீன் விக்கப் போறான்" என்று சுவரிடம் சொல்வதுபோல் சொல்லிவிட்டு, அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஜூடுக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை.

கடையை மந்திரிக்கப் பங்குத்தந்தை வந்ததும், ஜெபத்துக்கு இடைஞ்சல் என்று தொட்டிகளின் காற்று மோட்டாரை நிறுத்தினார்கள். மந்திரிப்பு முடிந்தும் யாரும் அதைத் திரும்பப் போடவில்லை. "அக்வாரியம் லத்தீன்தானே, ஜூடு? அர்த்தத்த நீயே சொல்லேன்" என்றார் பங்குத்தந்தை.

அந்த மூன்றாண்டு வீணில்லை என்று அப்பாவுக்குக் காட்ட ஜூடுக்கு இதைவிட நல்ல நேரம் வாய்க்காது.

"அக்வான்னா தண்ணி. ரோமாபுரியில அக்வாரியம்னா ஆடுமாடு தண்ணி குடிக்கிற எடம். மீனே கிடையாது..."

"அப்ப எங்க வீட்டு மாட்டுக்கும் அக்வாரியம் இருக்கு மாப்ள" என்றான் நண்பன் அழகுபாண்டி. எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை, ஆனால் கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் ஜூடு கவனித்தான். மீன்கள் மூச்சுக்காக மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. தண்ணீர் பளபளத்தது. ஆறாம் தொட்டியருகே அம்மா ஆனிமேரி, கையில் வேளாங்கண்ணி எண்ணெய்ப் புட்டி.

"என்னம்மா செஞ்ச?"

"மாதா எண்ணெய்டா. கண்ணு படக் கூடாதுன்னு தொட்டிக்கு ஒரு ஸ்பூன்."

பேச்சை விட்டுவிட்டு ஓடிப்போய் மோட்டாரைப் போட்டான். எண்ணெய் ஓரங்களுக்கு ஒதுங்கியதே தவிரப் போகவில்லை. இனிப்புக்கு வைத்திருந்த டிஷ்யூ தாள்களைத் தண்ணீர்மேல் விரித்து விரித்து எடுத்தான். பக்கத்துத் தொட்டியில் இன்னொரு கை தாள் விரித்தது. அப்பா.

"அப்புறம்?" என்றார்.

"என்னப்பா?"

"மாடு தண்ணி குடிச்ச எடத்துப் பேரு மீனுக்கு எப்படி வந்துச்சு?"

ஜூடு மீன்களை விட்டுக் கண்ணெடுக்காமல் சொன்னான். "இங்கிலாந்துல கண்ணாடித் தொட்டியில செடியும் மீனும் சேத்து வளத்தாங்க. மொதல்ல வச்ச பேரு நீளம், வாயில நொழையல. அப்புறம் இந்தப் பேர எடுத்துக்கிட்டாங்க."

"எப்ப?"

"ஆயிரத்தி எண்ணூத்தி அம்பதுகள்ல."

"வருசத்தச் சொல்லு."

"அம்பத்தி நாலுல புத்தகத்துல ஏறிருச்சுப்பா."

பன்னிரண்டு மணிக்கு எண்ணியபோது ஐம்பத்தேழு மீன்கள் உயிரோடு இருந்தன. வந்தவர்கள் போய்விட்டார்கள். அப்பா போகவில்லை; ஆறாம் தொட்டிக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இங்க ஒண்ணு இன்னும் மேலயே நிக்குதுடா. என்னன்னு பாரு."

ஜூடு அடுத்த தாளோடு வந்தான்.