குருவி பார்க்கப் போன களப்பு

எங்கள் ஊரின் கடலோரக் களப்பில் குருவி பார்க்க மேடை கட்டியிருக்கிறார்கள் என்று இளைய மகள் என்னைக் கூட்டிப்போனாள். ஏறி முடியுமுன்னே வெயிலில் வெந்த கோழிக்குடல் நாற்றம் மூக்கில் அடித்தது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றபோது இதே தண்ணீரின் பழைய வாசம் நினைவுக்கு வந்தது, ஈரப் பன்புல்லும் சேறும் கலந்த வாசம். என் சின்ன வயதில் வாப்பா வயலால் வந்து இதில்தான் அசர் தொழுகைக்குக் கைகால் முகம் கழுவி வுழூ எடுப்பார், உம்மா முழங்கால் தண்ணீரில் நின்று கறிக்கு ஆம்பல்தண்டு பறிப்பா, நான் கரையில் குந்திக்கொண்டு, நீலக்கோழிகள் இலைமேல் கால் தூக்கித் தூக்கி நடப்பதையும், கிட்டப் போனால் ஏசிக்கொண்டே பன்னுக்குள் ஓடுவதையும் பார்த்தபடி, மாரியில் உப்பு விட்டுப்போன அந்தத் தண்ணீரையே கையால் அள்ளிக் குடிப்பேன்.

"உம்மா, கொக்கப் பாருங்க, எவ்வளவு கிடக்கு" என்று தூரக்கண்ணாடியைத் தந்தாள் மகள்.

கொக்கொன்று சிவப்புப் பையைக் கிழித்துக் குடலை இழுத்துக்கொண்டிருந்தது. எனக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். பையில் இருந்த தொப்பி போட்ட சேவல் படத்துக்கு எழுத்து வேண்டாம். அது என் மூத்த மகனின் கோழிக்கடைப் பை. ஊருக்கே சுத்தம் கதைக்கிற குடும்பம் எங்களுடையது.

பகல் சாப்பாட்டுக்கு மகன் கடையிலிருந்து கோழியோடு வந்தான். அதைக் கறியாக்கிச் சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டான்.

"என்ன உம்மா, நல்ல குருவியெல்லாம் பாத்தீங்களா?"

"ஓம் மகன். எல்லாம் நீ தீனி போட்டு வளக்கிற குருவிதான்."

அவன் தங்கையைப் பார்த்தான். அவள் தலைகுனிந்தாள்.

"எல்லாரும்தானே உம்மா அங்க கொட்டுறாங்க."

"எல்லாரையும் நான் பெறல்ல" என்று சொல்லி, கறிக் கோப்பையை அவன் பக்கம் தள்ளிவிட்டு, வெறும் சோற்றைப் பிசைந்தேன்.